டேப்லெட்டை நம்பிப் பறக்கறவங்க வாங்க, பாதி வழியில ஸ்க்ரீன் போயிடுச்சு

புதுஇறக்கை
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை இழை தொடங்குறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம் ஆகுது. ஓட்டுறது நாலு சீட் ஹை விங், பழைய பேனல், ரெண்டு ரேடியோ, ஒரு விஓஆர் (தரையில இருக்கற ரேடியோ நிலையத்தை வச்சுத் திசை காட்டற கருவி), அவ்ளோதான், ஜிபிஎஸ் கிடையாது. அதனால ஐபேட் மினிய யோக்ல (விமானத்தோட ஸ்டியரிங்) மாட்டி அதுலயே எல்லாம் பாத்துக்கறது, சார்ட், ரூட், ஏர்ஸ்பேஸ், வானிலை எல்லாம். போன வாரம் தனியா ஒரு கிராஸ் கன்ட்ரி போனேன், 110 நாட்டிகல் மைல் இருக்கும். நல்ல வெயில். பாதி தாண்டினதும் ஸ்க்ரீன் மங்கலாச்சு, பிரைட்னஸை ஏத்திப் பாத்தேன் ஏறல, அடுத்த ரெண்டு நிமிஷத்துல கறுப்பு ஸ்க்ரீன், நடுவுல ஒரு தெர்மாமீட்டர் படம், ஆறினாதான் வேலை செய்வேன்னு ஒரு வரி. போன் பின் சீட்ல பைக்குள்ள. பேப்பர் சார்ட் வீட்ல.

கடைசில ஒரு ஆறு தெரிஞ்சுது, அதைப் புடிச்சுக்கிட்டே விஓஆரை ட்யூன் பண்ணி எப்படியோ போய்ச் சேந்துட்டேன். பத்து நிமிஷம்தான், ஆனா சட்டை பூரா நனைஞ்சிருச்சு.

கேள்வி இதான். டேப்லெட்டை நம்பிப் பறக்கறதே தப்பா, பேனல்ல சர்டிஃபைட் ஜிபிஎஸ் போட்டாதான் சரியா? இல்ல நான்தான் ஏதோ சரியா செட் பண்ணலையா?

தாழ்விங்
ப்ரோ, சூடு விஷயத்துல நான் பட்டதுக்கு ஒரு புக்கே போடலாம். என்னுது ரெண்டு சீட் ஹோம்பில்ட், மேல பூரா கண்ணாடி கனோபி, வெயில் நேரா மடியில விழும். ஆப்பிள்காரன் தெளிவாவே சொல்லியிருக்கான், ஐபேட் வேலை செய்யறதுக்கு சுத்தி இருக்கற வெப்பம் 0 டிகிரில இருந்து 35 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான்னு. பார்க்கிங்ல நிக்கற விமானத்துக்குள்ள 35 எல்லாம் காலையிலேயே தாண்டிரும்.

நீங்க சொன்ன மங்கல்தான் முதல் எச்சரிக்கை. அது தானாவே பிரைட்னஸைக் குறைக்கும், சார்ஜ் ஏத்தறதை நிறுத்தும், அப்புறமாதான் தெர்மாமீட்டர் காட்டும். மங்குறப்பவே பிரைட்னஸை ஏத்தப் பாத்தீங்கள்ல, அங்கயே உஷாராகியிருக்கணும். நான் செய்யறது, கவரைக் கழட்டிருவேன் (தோல் கவர் போட்டு வெயில்ல வைக்கறது கம்பளி போத்தி உக்கார வைக்கற மாதிரி), சூடா இருக்கறப்ப சார்ஜர் வயரைப் புடுங்கிருவேன், ஏன்னா சார்ஜ் ஏறும்போது பேட்டரியே சூடாகும், அப்புறம் ஏர் வென்ட்டைத் திருப்பி டேப்லெட் முதுகுல காத்து படற மாதிரி வைப்பேன். டேஷ்போர்டு மேல கண்ணாடிக்கு அடியில மட்டும் வச்சுராதீங்க, அங்க வச்சா கால் மணி நேரம் தாங்காது. முன்கூட்டியே கொண்டு போய் காக்பிட்ல வைக்காம, ஏறும்போது கையில எடுத்துட்டுப் போங்க. முதுகுல சின்ன ஃபேன் வச்ச மவுன்ட் கூட வருது, எனக்கு அது இல்லாம வேலைக்கு ஆகாது.

வால்சக்கரம்
தம்பி, பத்திரமா வந்து சேந்ததுல சந்தோஷம். ஆனா சூடு ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்க்ரீன் அணைஞ்சப்ப நீ எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியுமா? கடைசியா எந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்டினே?

புதுஇறக்கை
உண்மையச் சொல்லணும்னா தெரியாது சார். ஒரு ஏரி தாண்டினது ஞாபகம் இருக்கு, எப்போன்னு தெரியாது. ட்ரெய்னிங்ல எல்லாம் டைம் எழுதிட்டேதான் இருந்தேன், லைசென்ஸ் வந்ததும் விட்டுட்டேன், ஸ்க்ரீன்லயே எல்லாம் ஓடுதேன்னு.

வால்சக்கரம்
அதான் நான் கேட்டது. மெஷின் நின்னா நிக்கட்டும், அது மெஷின். நீ அதுக்கு முன்னாடியே வழி பாக்கறதை நிறுத்திட்ட, ஸ்க்ரீன் அணைஞ்சப்பதான் அது உனக்கே தெரிஞ்சுது. நான் சொல்லிக் குடுக்கற பசங்களுக்கு நடு வழியில என் தொப்பியைக் கழட்டி டேப்லெட் மேல மாட்டிருவேன். இப்ப எங்க இருக்கோம், சார்ட்ல கை வைன்னு கேப்பேன். முதல் தடவை பாதிப் பேர் முழிப்பாங்க. ரெண்டாவது தடவைக்கு எல்லாரும் ரெடியா வருவாங்க, தொப்பி வந்துரும்னு பயந்தே ஜன்னல் வழியா பாப்பாங்க.

நீலக்கோடு
சார் மேல மரியாதை இருக்கு, ஆனா இந்தப் பேப்பர் புராணத்துக்கு ஒரு எதிர்வாதம் வச்சே ஆகணும். பேப்பர் காலத்துல யாரும் தொலையலையா? கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ்க்குள்ள (அனுமதி இல்லாம போகக்கூடாத வான்பகுதி) தெரியாம நுழைஞ்சவங்க எத்தனை பேர்? பிரிட்டன்ல விமானத்துறையை ஒழுங்குபடுத்தற சிஏஏவே தனியார் பைலட்டுங்களுக்கு மூவிங் மேப் (நாம இருக்கற இடம் நகந்து காட்டற மேப்) யூஸ் பண்ணுங்கன்னு வெளிப்படையா சொல்லுது, காரணமே இந்த ஏர்ஸ்பேஸ் மீறல்தான், எல்லை வர்றதுக்கு முன்னாடியே ஆப் எச்சரிக்கும்ல. அமெரிக்காவுல அதே வேலை பாக்கற எஃப்ஏஏ 2007-லயே ஏசி 91-78ன்னு ஒரு சுற்றறிக்கை போட்டுருச்சு, சொந்தமா ஓட்டுறவங்க பேப்பர் சார்ட்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் சார்ட் வச்சுக்கலாம், அதுக்குன்னு தனி அனுமதி தேவையில்ல, தகவல் நடப்பு பதிப்பா இருந்தா சரின்னு. அது ஐபேட் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி. ஆக இது ஏதோ குறுக்கு வழி இல்ல.

ஆனா ஒன்னு, இது விஎஃப்ஆருக்கு, அதாவது வெளிய பாத்து ஓட்டறதுக்கு. ஐஎஃப்ஆர்ல, அதாவது கருவியை மட்டும் பாத்து ஓட்டறப்ப, சார்ட்டும் அப்ரோச் ப்ளேட்டும் (இறங்கற வழி போட்ட தாள்) டேப்லெட்ல பாக்கலாம், வழி நடத்தறதுக்கு சர்டிஃபைட் கருவிதான் வேணும். டேப்லெட்டுக்குள்ள இருக்கற ஜிபிஎஸ் தன்னைத்தானே சோதிச்சுக்காது, பேனல்ல இருக்கறது ரெய்ம்னு ஒரு கணக்குப் போட்டு சிக்னல் சரியில்லன்னா கொடி காட்டும். நம்ம டேப்லெட்ல கொடி கிடையாது, சின்ன விமானப் படம் மட்டும் ரொம்ப தைரியமா உக்காந்திருக்கும், சரியான இடமோ தப்பான இடமோ ரெண்டுலயும் அதே தைரியம்.

மாலைநேரபைலட்
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும், அடிப்படைக் கேள்வி. என்கிட்ட வைஃபை மட்டும் உள்ள ஐபேட் இருக்கு, சிம் போடற மாடல் இல்ல. வீட்ல ஆப் தொறந்தா நான் இருக்கற தெருவைக் கரெக்டா காட்டுது. அப்ப ஜிபிஎஸ் இருக்குன்னுதானே அர்த்தம்?

நீலக்கோடு
இல்ல பாஸ், இதுலதான் நிறைய பேர் ஏமாறுறது. வைஃபை மட்டும் உள்ள ஐபேட்ல ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. சுத்தி இருக்கற வைஃபை ரௌட்டருங்களை வச்சுதான் உங்க தெருவைக் கண்டுபிடிக்குது. 3000 அடியில ரௌட்டர் ஏது? செல்லுலார் மாடல்ல மட்டும்தான் சிப் இருக்கு, அதுக்கு சிம்மோ டேட்டா ப்ளானோ போடவே வேண்டாம், சிம் இல்லாமயே ஜிபிஎஸ் வேலை செய்யும். ஏற்கனவே வைஃபை மாடல் வாங்கிட்டீங்கன்னா ப்ளூடூத்ல கனெக்ட் ஆகுற தனி ரிசீவர் வாங்கிக்கோங்க, பேட் எல்ஃப், கார்மின் க்ளோ மாதிரி. ரிசீவரைக் கண்ணாடி ஓரமா வச்சுட்டு டேப்லெட்டை நிழல்ல வச்சுக்கலாம், அது இன்னொரு வசதி.

மாலைநேரபைலட்
அடப்பாவமே. நாளைக்கு மாட்டிட்டுக் கிளம்பறதா இருந்தேன்.

தாழ்விங்
கிளம்பறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு டெஸ்ட் பண்ணுங்க எல்லாரும். ஏரோப்ளேன் மோடு போட்டு வைஃபையும் அணைச்சுட்டு ஆப்பைத் தொறந்து போற வழியில இருக்கற ஒவ்வொரு சார்ட்டையும் பெருசாக்கிப் பாருங்க, ஒவ்வொரு ஏர்ஃபீல்டு பக்கத்தையும் தொறங்க. டவுன்லோடு ஆகாத துண்டு எங்க இருக்குன்னு வெள்ளைக் கட்டமா தெரிஞ்சுரும். மேல போனதுக்கப்புறம் தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்புறம் ஏரோநாட்டிகல் தகவல் 28 நாளுக்கு ஒரு தடவை மாறும், ஏஐஆர்ஏசி சுழற்சின்னு சொல்வாங்க, தேதி தாண்டியிருந்தா அதையும் புதுப்பிச்சுருங்க. ஐபேட்டோட சிஸ்டம் அப்டேட்டை மட்டும் பறக்கறதுக்கு முந்தின ராத்திரி போடவே போடாதீங்க. ஒரு தடவை போட்டு காலையில என் ரிசீவரை அதுக்கு அடையாளமே தெரியல.

கிளைடர்காதலி
இந்த இழையை இப்பதான் பாத்தேன். சூடு, சிப் எல்லாம் பேசியாச்சு, ஜூம் பத்தி யாருமே பேசலையே. எனக்கு அதுதான் பெரிய பயம்.

பேப்பர் சார்ட்ல அளவு எப்பவும் ஒன்னுதான், அஞ்சு லட்சத்துல ஒரு பங்கு. என் கட்டைவிரல் நுனியில இருந்து முதல் கணு வரைக்கும் வச்சா 10 மைலுக்குக் கொஞ்சம் கம்மி, கை வச்ச உடனே தூரம் தெரியும். டேப்லெட்ல விரலைப் பிரிச்சா பிரிச்ச அளவுக்குப் பெருசாகுது, ரெண்டு நிமிஷத்துல எந்த அளவுல பாக்கறோம்னே மறந்துரும். அதைவிட மோசம், வெக்டர் மேப்ல (ஸ்கேன் படமா இல்லாம ஆப்பே வரையற மேப்) ஜூமைக் குறைச்சா நெரிசலா தெரியக்கூடாதுன்னு சில விஷயங்களை ஆப்பே மறைச்சுரும். டவர் மறையும், சின்ன ஏர்ஸ்பேஸ் மறையும், அங்க ஒன்னுமே இல்லாத மாதிரி சுத்தமா இருக்கும்.

இது கடல்ல நடந்திருக்கு. 2014 நவம்பர்ல உலகத்தைச் சுத்தி வர்ற வோல்வோ ஓஷன் ரேஸ்ல டீம் வெஸ்டாஸ் விண்டுங்கற பாய்மரப் படகு மொரீஷியஸ் பக்கத்துல கார்காடோஸ் கராஹோஸ்ங்கற பவளத்திட்டு மேல ராத்திரில நேரா ஏறி உக்காந்துச்சு. அவங்ககிட்ட எலக்ட்ரானிக் சார்ட் இருந்துச்சு, அந்தத் திட்டும் அதுல இருந்துச்சு, ஜூம் பண்ணிப் பாத்தாதான் சரியா தெரியும். ஒன்பது பேரும் உயிர் தப்பிச்சாங்க. எப்பேர்ப்பட்ட மாலுமிங்க அவங்க! நம்ம எந்த மூலை. ரூட்டு போட்டதும் ஒரு தடவை முழுசா நல்ல ஜூம்ல விரலை ஓட்டிக்கிட்டே போய்ப் பாருங்க, அவ்ளோதான் நான் சொல்றது.

இன்னொன்னு, ஐபேட்குள்ளயும் அதோட மூடுற கவர்லயும் காந்தம் இருக்கு. காம்பஸ் பக்கத்துல கொண்டு போனா ஊசி எப்படி ஆடுதுன்னு தரையில நிக்கறப்பவே ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க, சிரிப்பா வரும்.

வால்சக்கரம்
அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. ஏர்ஸ்பேஸ் மேல ஒரு விஷயம் சேத்துக்கறேன். டேப்லெட் காட்டுற உயரம் ஜிபிஎஸ் உயரம். ஏர்ஸ்பேஸோட கூரையும் தரையும் எழுதியிருக்கறது ஆல்டிமீட்டருக்கு, அதாவது காத்தழுத்தத்தை வச்சு உயரம் காட்டற கருவிக்கு. ரெண்டும் ஒன்னு இல்ல. ஸ்டாண்டர்டை விட (அந்த உயரத்துக்குன்னு கணக்குல வச்சிருக்கற வெப்பநிலை) ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்கும் சுமார் 4 சதவீதம் மாறும். ஸ்டாண்டர்டை விட 15 டிகிரி சூடா இருக்கற நாள்ல ஆல்டிமீட்டர் 5000ன்னு காட்டினா நீ நிஜமா 5300 பக்கம் இருப்பே, டேப்லெட்டும் 5300ன்னு சொல்லும். அன்னிக்கு அது உன்னை வீணா பயமுறுத்தும், பரவாயில்ல. குளிர் நாள்ல உல்டா. ஆல்டிமீட்டர்ல 5000 தொட்டு ஏர்ஸ்பேஸ்க்குள்ள நீ போயிருப்பே, டேப்லெட் 4700தான்னு சொல்லி அமைதியா இருக்கும். கன்ட்ரோலர் ஸ்க்ரீன்ல உன் ட்ரான்ஸ்பாண்டர் (ரேடார் கேட்டா பதில் அனுப்பற பெட்டி) சொல்றது காத்தழுத்த உயரம். அவர் போன் பண்ணிக் கூப்பிடுவார். அப்ப டேப்லெட்டை ஆதாரமா காட்ட முடியாது. ஆனா அதே குளிர்ல மலை பக்கம் போனா டேப்லெட் சொல்ற 4700தான் நிஜம், மலைக்கு உன் ஆல்டிமீட்டர் பத்தி அக்கறை இல்ல.

நீலக்கோடு
சார், இது நான் யோசிக்கவே இல்ல. அஞ்சு வருஷமா ஆப் வச்சிருக்கேன், ரெண்டு உயரமும் ஒத்துப்போகலையேன்னு பாத்துட்டு கியூஎன்ஹெச் (ஆல்டிமீட்டர்ல வைக்கற அன்னிக்குக் காத்தழுத்தம்) தப்பா வச்சுட்டேன் போலன்னு ஆல்டிமீட்டரைத் திருகினது கூட உண்டு. சொல்லவே வெக்கமா இருக்கு.

வால்சக்கரம்
திருகினதைச் சொன்ன பாரு, அதுவே பெரிசு. இனி திருகாதே.

மாலைநேரபைலட்
வானிலை ரேடார் பத்தி சொல்லுங்க யாராவது. ஏடிஎஸ்-பி ரிசீவர் (மத்த விமானங்க இருக்கற இடத்தையும் வானிலையையும் ரேடியோவுல வாங்கற பெட்டி) வச்சிருக்கறவங்க ஸ்க்ரீன்ல மழை கலர் கலரா வருதாமே, அதைப் பாத்து மேகத்துக்கு நடுவுல புகுந்து போயிடலாமா?

தாழ்விங்
வேணாம் வேணாம் வேணாம். அமெரிக்காவுல விபத்தை விசாரிக்கற என்டிஎஸ்பி 2012-ல இதுக்குன்னே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை விட்டுச்சு. ரேடார் படத்து மேல ஒரு நிமிஷம் பழசுன்னு போட்டிருக்கும், அது படம் தைச்சு முடிச்ச நேரம், மழையைப் பாத்த நேரம் இல்ல. பல ரேடார்ல இருந்து வர்றதை ஒட்டி ஒரே படமாக்கி அனுப்பறதுக்குள்ள, நிஜ மழை அந்த நேரத்தை விட 15, 20 நிமிஷம் வரைக்கும் பழசா இருக்கலாம். இடிமேகம் 30 நாட் வேகத்துல நகந்தா 20 நிமிஷத்துல 10 மைல் போயிருக்கும். ஸ்க்ரீன்ல இருக்கற சந்து நிஜத்துல மூடியிருக்கும். அந்தப் படத்தைப் பாத்து சுத்திப் போகலாம், திரும்பலாம், இறங்கலாம். புகுந்து போகறதுக்கு அது இல்ல.

ட்ராஃபிக்கும் அப்படித்தான், ஸ்க்ரீன்ல யாரும் இல்லன்னா வானத்துல யாரும் இல்லன்னு அர்த்தம் ஆகாது, ட்ரான்ஸ்பாண்டர் இல்லாதவன் தெரியவே மாட்டான்.

கிளைடர்காதலி
அந்த ட்ரான்ஸ்பாண்டர் இல்லாதவங்கள்ல பாதி நாங்கதான் 🙂 எங்க கிட்ட ஃப்ளார்ம் (கிளைடருங்க ஒன்னையொன்னு எச்சரிச்சுக்கற கருவி) இருக்கும், உங்க ரிசீவர்ல நிறையத்துக்கு அது புரியாது. ஜன்னல் பாருங்க ப்ளீஸ்.

நீலக்கோடு
சரி, இழை தொடங்கினவர் கேட்டதுக்கு வர்றேன். பேனல் ஜிபிஎஸ் போடணும்னு கட்டாயம் இல்ல, ரெண்டாவது ஒரு டேப்லெட்டோ போனோ கை எட்டற இடத்துல வச்சுக்கோங்க, ஆப்பும் சார்ட்டும் ஏத்தி, பறக்கறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணி. பின் சீட்ல பைக்குள்ள இருக்கற போன் இல்லாததுக்குச் சமம். ஒன்னு போனா இன்னொன்னு, அவ்ளோதான் விஷயம்.

வால்சக்கரம்
ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஆப், ஒரே டேட்டாவா?

நீலக்கோடு
ஆமா சார், ஒரே அக்கவுன்ட். ஏன்?

வால்சக்கரம்
2015 ஏப்ரல்ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்க டஜன் கணக்குல கேட்லயே நின்னுச்சு. பைலட்டுங்க ஐபேட் எல்லாம் ஒரே நேரத்துல ஆப் கிராஷ். வாஷிங்டன் ரீகன் நேஷனல் ஏர்போர்ட்டோட சார்ட் ஒன்னு டேட்டாபேஸ்ல ரெண்டு தடவை ஏறிடுச்சு, அதைத் தாங்க முடியாம ஆப் விழுந்துருச்சு. கேப்டன்கிட்ட ஒரு ஐபேட், கோபைலட்கிட்ட ஒரு ஐபேட், ரெண்டும் ஒன்னா செத்துச்சு. ஆப்பை அழிச்சுட்டு மறுபடியும் ஏத்தி சரி பண்ணாங்க. தரையில நின்னதால வெறும் தாமதத்தோட போச்சு. ஒரே கிணத்துல ரெண்டு வாளி விட்டா கிணறு வத்தும்போது ரெண்டு வாளியும் காலி தம்பி.

நீலக்கோடு
ம்ம். இது கொஞ்சம் உறுத்துது. அப்ப போன்ல வேற கம்பெனி ஆப் போட்டுக்கறேன். ஆண்ட்ராய்டுல அவேர்னு ஒரு இலவச ஆப் இருக்கு, அமெரிக்க சார்ட்டுங்களுக்கு ஓகே, ஐரோப்பாவுல ஸ்கைடீமன் நிறைய பேர் வச்சிருக்காங்க, ஆஸ்திரேலியாவுல ஓஸ்ரன்வேஸ், ஆவ்ப்ளான். எந்த இடத்துல பறக்கறீங்களோ அங்கத்து சார்ட் எந்த ஆப்ல இருக்குன்னு பாத்து ரெண்டு வேற வேறயா வச்சுக்கறது நல்ல யோசனைதான், ஒத்துக்கறேன்.

கிளைடர்காதலி
வேற வேற ஆப் வச்சாலும் வானத்துல சாட்டிலைட் ஒன்னுதானே. பால்டிக் பக்கம், மத்திய தரைக்கடலோட கிழக்குப் பக்கம் எல்லாம் ஜிபிஎஸ் ஜாமிங், ஸ்பூஃபிங் இப்ப சாதாரணமாயிடுச்சு. ஜாமிங்னா சிக்னல் போயிடும், அது பரவாயில்ல, போச்சுன்னு தெரியும். ஸ்பூஃபிங்ல பொய் சிக்னல் வரும், டேப்லெட் உங்களை வேற ஊர்ல வச்சுக் காட்டும், எந்தக் குழப்பமும் இல்லாம. சில ஆப்ல சிக்னல் போனதும் விமானப் படம் கடைசி இடத்துலயே அப்படியே நிக்கும், ஓரத்துல சின்னதா ஒரு எழுத்து மாறும், அதைக் கவனிக்கலன்னா அவ்ளோதான். படம் நகருதா, வேகம் மாறுதான்னு ஒரு கண்ணு எப்பவும் இருக்கணும்.

புதுஇறக்கை
இவ்ளோ பேர் எழுதினதுக்கு ரொம்ப நன்றி, எல்லாத்தையும் நோட்ல எழுதிட்டு இருக்கேன். மவுன்ட் பத்தியும் ஒரு சந்தேகம். யோக்ல மாட்டறது நல்லதா, தொடையில கட்டறதா, கண்ணாடியில சக்ஷன் கப்பா?

தாழ்விங்
யோக்ல மாட்டினா மாட்டிட்டு யோக்கை முழுசா பின்னாடி இழுத்து ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க, வயரோட சேத்து. இறங்கறப்ப ஃப்ளேர்ல பின்னாடி இழுக்கும்போது க்ளாம்ப் உங்க தொடையிலயோ வயித்துலயோ இடிக்கக்கூடாது. வயர் எங்கயாவது மாட்டினா இன்னும் மோசம். பின்னாடி மறையற ஸ்விட்ச், கேஜ் எதுன்னும் பாத்துக்கோங்க. எனக்கு நடுவுல ஸ்டிக், அதனால தொடையிலதான், அதுலயும் ஸ்டிக் முழுசா பின்னாடி வருதான்னு பாக்கணும். தொடையில வச்சா தலையைக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கணும், மேகத்துக்குள்ள இருக்கறப்ப டக்குனு குனிஞ்சு நிமிந்தா தலை சுத்தும், காதுக்குள்ள இருக்கற திரவம் ஏமாத்திரும். சக்ஷன் கப் வெயில்லயும் குளிர்லயும் பிடி விடும், அதுவும் சரியா டேக் ஆஃப்லதான் விழும், அது அதோட ராசி.

மாலைநேரபைலட்
போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கிட்டு பாத்தா என் ஸ்க்ரீன் நெட்டுக்குத்தா வச்சா கறுப்பு, படுக்கை வச்சா நல்லா தெரியுது. ஒரு வாரம் டேப்லெட் ரிப்பேர்னு நினைச்சு சர்வீஸ்ல குடுக்கப் பாத்தேன். வீட்ல சிரிச்சாங்க.

நீலக்கோடு
😂 போலரைஸ் இல்லாத கூலிங் கிளாஸ் வாங்குங்க பாஸ்.

சார்ஜர் பத்தி ஒன்னு. மலிவு யுஎஸ்பி சார்ஜரை சிகரெட் லைட்டர் சாக்கெட்ல செருகினா விஎச்எஃப் ரேடியோவுல கரகரன்னு இரைச்சல் வரும், ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கி வைக்கற அமைப்பு) தானா தொறந்துக்கும். டவர் பேசறது கேக்கலன்னா முதல்ல சார்ஜரைப் புடுங்கிப் பாருங்க. பழைய விமானங்கள்ல 12 வோல்ட்டா 24 வோல்ட்டான்னும் பாத்துட்டு செருகுங்க.

வால்சக்கரம்
இன்னொரு விஷயம் சொல்லிட்டு நான் ஓரமா உக்காந்துக்கறேன். எல்லார் டேப்லெட்லயும் ஒரே மெஜந்தா கோடு, ஆப் போட்டுக் காட்டற ரூட்டு. எல்லாரும் அந்தக் கோட்டு மேலயே துல்லியமா பறக்கறான். முன்னாடி எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் வழி தவறினதால வானத்துல பரவலா இருந்தோம். இப்ப ரெண்டு ஏர்ஃபீல்டுக்கு நடுவுல எதிரும் புதிருமா ரெண்டு பேர் வந்தா மூக்கு மூக்கோட வருவான். கோட்டுக்கு ஒரு மைல் வலது பக்கம் விலகிப் பறங்க.

கிளைடர்காதலி
இது எங்க கிளப்ல போர்டுலயே எழுதிப் போட்டிருக்கோம் சார். விஓஆர் மேலயும், எல்லாரும் ரிப்போர்ட் பண்ற இடத்து மேலயும் இதே கதைதான்.

புதுஇறக்கை
மூணு வாரம் கழிச்சு வர்றேன். நேத்து அதே ரூட்டு மறுபடி போனேன். கவர் இல்லாம யோக்ல மாட்டி, வென்ட் காத்து முதுகுல, போன்ல வேற ஆப், முட்டியில பேப்பர் சார்ட், பென்சில், கைக்கடிகாரம். போற வழியில நடுவுல நானே டேப்லெட்டைக் கழட்டி ஆஃப் பண்ணி கவரைப் போட்டு மூடி வச்சுட்டேன், தொப்பி இல்லாத குறைக்கு. ஹெட்டிங் இண்டிகேட்டரை (பேனல்ல திசை காட்டற கருவி) காம்பஸோட சரி பண்ணிட்டு, டைம் எழுதிட்டு, வெளிய பாத்து ஓட்டினேன்.

20 மைல்ல ஒரு ரயில் பாலம் வரணும், நேரம் கரெக்டா வந்துச்சு, ஆனா பாலம் என் வலது பக்கம் 2 மைல் தள்ளி இருந்துச்சு. திருத்திக்கிட்டு போய்ச் சேந்துட்டேன், பயம் எல்லாம் இல்ல. திரும்பி வரும்போது டேப்லெட்டை யோக்ல வச்சுட்டு பேப்பரோட ஒத்துப் பாத்துக்கிட்டே வந்தேன், கோடு கரெக்டா இருந்துச்சு. போறப்ப மட்டும் ஏன் விலகினேன்னு புரியல. காத்து ரெண்டு பக்கமும் லேசாதான் இருந்துச்சு, கணக்கு மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன்.

வால்சக்கரம்
60 மைலுக்கு 1 மைல் விலகினா 1 டிகிரி. 20 மைல்ல 2 மைல்னா 6 டிகிரி. லேசான காத்து அவ்ளோ தள்ளாது. டேப்லெட்டைக் கழட்டி எங்க வச்சே?

புதுஇறக்கை
டேஷ்போர்டு மேல சார். ஆஃப்ல இருக்கே, சூடானா என்னன்னு அங்கயே சாய்ச்சு வச்சுட்டேன்.

கிளைடர்காதலி
கவரோடயா? காம்பஸ் எங்க இருக்கு உங்க விமானத்துல?

புதுஇறக்கை
டேஷ்போர்டு நடுவுல. ஒரு சாண் கூட இருக்காது அக்கா.